கைப்பிடியின் குறுக்கே ஒரு தையல்

போன மாதம் என் பழைய தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் வாட்சாப்பில் குரல் அனுப்பியிருந்தாள். சாம்பிள் அறையில் என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, நம்ம ஸ்கூல் பேக்ல மேல ஒரு கைப்பிடி இருக்குல்ல, அதோட நடுவுல குறுக்க ஒரு தையல் போடறோமே, அது எதுக்கு? இங்க யாருக்கும் தெரியல. எடுத்துட்டா ஒரு ஸ்டெப் மிச்சம். எடுத்துடவா?"

'எடுக்காதே' என்று தட்டி அனுப்பினேன். அது போதாது என்று தோன்றியது. 'எடுக்கவே எடுக்காதே, காரணம் எழுதி அனுப்புகிறேன்' என்று இன்னொன்று அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. அதுவரை நான் உட்காரவில்லை. என் சுபாவம் அப்படி. கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான்.

அந்தக் காரணத்தைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். படிவம் இரண்டில், பதினாலு வயதில் இருந்தபோது அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வீட்டில் மூத்தவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு தையல் கடையில் பட்டன் கட்ட உட்கார்ந்தேன். கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தபின் தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த பை தொழிற்சாலையில் சேர்ந்தேன். நூல் வெட்டினேன், ஜிப் தைத்தேன், பதினோரு வருஷம் மெஷின் வரிசையில், லைனில் இருந்தேன். அப்புறம் சாம்பிள் அறை. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

சாம்பிள் அறை என்றால், லைனில் ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன் முதல் பையைத் தைத்துப் பார்க்கிற இடம். ஒரு பள்ளிப் பைக்குப் பத்தொன்பது துண்டுகள். ஒவ்வொன்றையும் அட்டையில் வரைந்து வெட்ட வேண்டும். சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் தையலுக்கு விட வேண்டும். எந்த முனை எந்த முனையோடு சேரும் என்று விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு வைக்க வேண்டும். தைத்த பிறகு சோதனை. ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்து, உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, தூக்கித் தூக்கி விட வேண்டும், இருநூறு தடவை. நான் சத்தமாக எண்ணுவேன், நடுவில் சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குவேன். அதன்பின் ஒவ்வொரு பட்டையையும் ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் பிய்கிறது என்று தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளில் 'குறைந்தது எவ்வளவு தாங்க வேண்டும்' என்று ஒரு கட்டம் உண்டு. எழுதுகிற எண் அதற்கு மேலே இருந்தால் பாஸ். எவ்வளவு மேலே போனாலும் பாஸ்தான்.

தாளில் கையெழுத்துப் போடுகிறவர் புரொடக்‌ஷன் மேனேஜர் தேவராஜ் சார். அவர் பையின் வெளிப்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. கையில் வாங்கியதும் உள்ளே வெளியாகத் திருப்புவார். இடது கட்டைவிரல் நகத்தை இதற்கென்றே கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார். அந்த நகத்தைத் தையல் மேலேயே வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். எங்காவது நகம் தட்டினால், பேசமாட்டார். பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வீசமாட்டார், வைப்பார். அதுதான் கஷ்டம். நகம் தட்டாவிட்டால் "ம்" என்பார். அந்த "ம்"முக்காக நான் மூன்று தடவை பிரித்துத் தைத்த பைகள் உண்டு.

லைனில் எனக்கு 'அலாரம்' என்று பெயர். காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு தடவை நான் லைனை நிறுத்தியிருக்கிறேன். ஒரு தடவை ஜிப் பிடியில் இருந்த பெயின்ட் உரிகிற மாதிரி தெரிந்தது. பிள்ளைகள் அதை வாயில் வைத்துக் கடிப்பார்களே என்று அரை நாள் நிறுத்தினேன். லேப் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. இன்னொரு தடவை ஃபோமில் மண்ணெண்ணெய் வாசனை. அதிலும் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு தேவராஜ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"பிலோ, மூணாவது தடவை சும்மா நிறுத்தினா, நீயே லைனுக்குத் திரும்பிப் போயிடு. சாம்பிள் ரூமுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பிலோமினா என்ற என் பெயரை அவர் சுருக்கிக் கூப்பிடுவது கோபத்தில் இல்லாதபோதுதான். அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. லைன் லீடர் கமலா அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அலாரம் அக்கா வராங்க, மெஷினை ஆஃப் பண்ணுங்க லா!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்தத் தொள்ளாயிரம் பைகள் வந்தன.

கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேரப்போகிற பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க, பழைய மாணவர்கள் சேர்ந்து போட்ட ஆர்டர். சனிக்கிழமை பதிவு நாள், அன்றைக்கே கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் லோரி. அவர்கள் கேட்டது ஒன்றுதான். பை தோளில் நிற்க வேண்டும்.

நியாயமான கோரிக்கை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோள் எங்கே இருக்கிறது? நான் மூன்று நாள் ஒரு பள்ளியின் வாசலில் நின்று பார்த்தேன். பட்டை நழுவி முழங்கைக்கு வரும். பிள்ளை கட்டைவிரலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூனி நடக்கும். இன்னொரு கையில் தண்ணிப் போத்தல். ரோட்டைக் கடக்க அம்மா கையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

அதனால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை வைத்தேன். பையின் இரண்டு தோள்பட்டைகளையும் முன்னால் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி, இரண்டு சென்டிமீட்டர் அகலம், நடுவில் மாட்டிக் கழற்ற ஒரு பிளாஸ்டிக் பட்டன். இழுத்தால் 'டப்' என்று கழன்றுவிடும் பட்டன். சோதனையில் நான்கு கிலோவிலேயே கழன்றது. எனக்குத் தூக்கம் போனது. பிள்ளைகள் சும்மா இருக்குமா? இழுத்து இழுத்து ஒரே வாரத்தில் கெடுத்துவிடும். 'ஓசிப் பைன்னா இப்படித்தான்' என்று தாய்மார்கள் சொல்வார்கள். யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை. நானே ஸ்டோருக்குப் போய், மலையேறுகிறவர்களின் பைக்கு வைத்திருந்த கிளிப்பை எடுத்து வந்தேன். இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால்தான் திறக்கும். முப்பது கிலோ வரை இழுத்தேன், அசையவில்லை. மேலே இருக்கும் கைப்பிடியையும் அப்படித்தான் செய்தேன். நல்ல அகலமாக, உள்ளே ஃபோம் வைத்து, பெரியவர்கள் நான்கு விரலும் விட்டுப் பிடிக்கும்படி. இரண்டு முனைகளையும் மேல் தையலுக்குள் செருகி, ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கித் தைக்கிற மெஷினில் இரண்டு தடவை அடித்தேன்.

தேவராஜ் சார் நகத்தை ஓட்டினார். கிளிப்பை மாட்டினார், பிடித்து இழுத்தார், மறுபடியும் இழுத்தார். "ம்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஸ்ட்ராங்" என்றார்.

அவரிடமிருந்து "ம்"முக்கு மேல் ஒரு சொல் நான் வாங்கியது அன்றுதான்.

லைன் தைக்கத் தொடங்கியபோதே, பத்துப் பைகளை அந்தப் பள்ளியின் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கொடுத்து மூன்று வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னோம். மூன்றாவது வாரம் வகுப்பு டீச்சர் போன் செய்து, "எல்லாப் பிள்ளைகளுக்கும் ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றார். எல்லாரும் நிம்மதியானார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பள்ளி வாசலில் பை எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தேன். வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? புதன்கிழமை லீவு போட்டேன்.

பத்துப் பேரில் யாழினி என்ற பிள்ளையின் வீடு, என் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஃபிளாட். எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்தது. ஓரத்தில் எல்லாம் கார்கள் நின்றதால் வேன் நடு ரோட்டிலேயே நின்றது. பின்னால் ஒரு லோரி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிடும் பெண் கதவைத் தள்ளித் திறந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தாள். பெரிய பிள்ளைகள் குதித்து இறங்கின. சின்னப் பிள்ளைகளை அவள் இறக்கிய விதத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கையை உள்ளே விட்டு, பையின் கைப்பிடியைப் பிடித்து, பையோடு பிள்ளையைத் தூக்கித் தரையில் வைத்தாள். பாசாரில் காய்கறிக் கூடையைத் தூக்கி வைக்கிற மாதிரி. ஒரு நொடிக்கு ஒரு பிள்ளை.

முதலில் வேறு பை போட்ட பையன் ஒருவன். தோள்பட்டைகள் அக்குளில் ஏறின, இறங்கினான், ஓடினான். அடுத்து யாழினி.

நான் வைத்த கைப்பிடி. நான்கு விரலும் வசதியாக உள்ளே போயின. தூக்கினாள். தோள்பட்டைகள் மேலே ஏறின. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த என் பட்டையும் ஏறியது. நெஞ்சிலிருந்த கிளிப் தாடைக்குக் கீழே போய் நின்றது. பிள்ளையின் முகம் வானத்தைப் பார்த்தது. அக்குளில் இடுக்கியிருந்த போத்தல் விழுந்தது. சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு. கால் தரையில் பட்டது, கிளிப் நெஞ்சுக்கு இறங்கியது, பிள்ளை போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தது. வேன் போய்விட்டது.

என்னைப் பயமுறுத்தியது அது இல்லை. அந்தப் பெண் தூக்குவதற்கு முன்பே யாழினி இரண்டு கைகளையும் கழுத்துக்குக் கீழே கொண்டுபோய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். பழகியிருந்தாள்.

ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. "கண்ணு, நில்லு!" என்று கத்திக்கொண்டு படிக்கட்டு அடியில் அவளைப் பிடித்தேன். என் கைப்பையில் நூல் வெட்டும் கத்தரி எப்போதும் இருக்கும். அதைக் கையில் எடுத்தபோதுதான் அவள் அம்மா இறங்கி வந்தார்.

"ஹலோ, யாரு நீங்க? கத்தரிக்கோலோட என் பிள்ளைகிட்ட என்ன பண்றீங்க?"

"இந்தப் பையை நான்தான் தைச்சேன்மா. இந்தக் கிளிப்பை வெட்டணும்."

"தைச்சவங்களே வெட்டறீங்களா? ஓசியா கொடுத்துட்டு இப்பப் பிடுங்க வந்துட்டீங்களா?"

"பிடுங்கல லா. இது கழுத்துல ஏறுது."

"எங்க ஏறுது? நெஞ்சுலதானே இருக்கு?"

நெஞ்சில்தான் இருந்தது. காட்ட வேண்டுமென்றால் பிள்ளையை நான் தூக்க வேண்டும். என்னால் முடியவில்லை. யாழினிதான் சொன்னாள். "அம்மா, வேன் ஆன்டி தூக்கறப்ப இங்க வரும்." விரலைத் தொண்டையில் வைத்துக் காட்டினாள்.

அம்மா மகளின் தொண்டையைத் தடவிப் பார்த்தார். பையைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். "வெட்டுங்க."

வெட்டினேன். அவசரத்தில் பையின் தோள்பட்டையிலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது.

அதன்பின் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். ஒருவேளை அந்த வேனில் மட்டும்தான் அப்படித் தூக்குகிறார்களோ? நான் பார்த்தது சரிதானா? மூன்றாவது தடவை. என் நாற்காலி. ஜெபமாலையை எடுத்து மணிகளை உருட்டினேன், ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் மற்ற ஒன்பது பிள்ளைகளும் ஏதேதோ வேன்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"சார், பிலோ பேசறேன்."

"லீவுல இருக்க."

"சார், லைனை நிறுத்தணும்."

போனுக்குள் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "மூணாவது தடவை" என்றார்.

"ஆமா சார்."

"கெளம்பி வா."

சாம்பிள் அறையில் பிள்ளை அளவுக்கு ஒரு உருவப் பொம்மை உண்டு. முழங்கைக்குக் கீழே கையும், காலும் கிடையாது; கழுத்தும் தலையும் மரத்தில். பட்டைச் சுருள்களைச் சாக்கில் கட்டிப் பொம்மையின் அடியில் தொங்கவிட்டு, தராசில் இருபது கிலோ வரும் வரை ஏற்றினோம். தேவராஜ் சார் தானே பையை மாட்டினார், தானே கிளிப்பைப் போட்டார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். கிளிப் ஏறியது, மரக் கழுத்தில் போய் நின்றது.

இறக்காமலே, "விரலை விட்டுப் பாரு" என்றார்.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை நுழைத்தேன். நகம் மட்டும்தான் போனது.

இறக்கினார். மறுபடியும் தூக்கினார். இந்தத் தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கிளிப் திறக்கவில்லை.

"தொறக்காதா?"

"முப்பது கிலோ சார். கழன்றுபோற பட்டனைத்தான் மொதல்ல வச்சேன். நான்தான் மாத்தினேன்."

"தெரியும். ஸ்ட்ராங்னு சொன்னது நான்தான்."

அவரே போய் லைனின் மெயின் சுவிட்சை அணைத்தார். நாற்பது மெஷினும் ஒரே நேரத்தில் அடங்கின. "அலாரம் அக்..." என்று ஆரம்பித்த கமலா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முதலாளி தௌக்கேயிடம் போனில் மலாயில் பேசினார். எல்லார் காதிலும் விழுந்தது. தைத்தவர்கள் மேல் தப்பில்லை, சாம்பிள் அறை மேல் தப்பில்லை, தாளில் இருப்பது தன் கையெழுத்து என்று சொன்னார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவை நீ லேட், பிலோ."

அந்த நாற்பது நிமிடம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சொல் சரியான இடத்தில் தைத்தது.

"மொதல்ல ஒன்பது பிள்ளைங்க" என்றார். "பை அப்புறம்." வகுப்பு டீச்சரைப் பிடித்தோம். அவர் பள்ளியிலிருந்து வீடு வீடாகப் போன் செய்து கிளிப்பை மாட்டாதீர்கள் என்று சொன்னார். எட்டு வீடு கிடைத்தது. ஒன்பதாவது வீட்டு நம்பர் வேலை செய்யவில்லை. முகிலன் என்ற பையன். போன வாரம்தான் அம்மாவோடு சாலாக் செலாத்தான் பக்கம் வீடு மாறிப் போயிருந்தான். புது நம்பர் யாரிடமும் இல்லை.

வியாழக்கிழமை காலை பைகளை என்ன செய்வது என்று உட்கார்ந்தோம். நெஞ்சுப் பட்டையில் கிளிப்புக்குப் பதிலாக ஒட்டிப் பிரிக்கிற மேஜிக் டேப் வைக்கலாம், இழுத்தால் 'சர்'ரென்று பிரிந்துவிடும். அதில் சந்தேகமில்லை. கைப்பிடியை என்ன செய்வது? "வெட்டி எறி" என்றார் சார்.

"வெட்டிட்டா வேற எதையாவது பிடிச்சுத் தூக்குவாங்க சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். கேக்கணும்."

கைப்பிடியை வெட்டிய பை ஒன்று, கைப்பிடியின் நடுவே குறுக்காகத் தைத்து ஒரு விரல் மட்டும் போகும்படி செய்த பை ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு மதியம் பள்ளி வாசலுக்குப் போனோம். அதே வேன் நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆமா, தூக்கறேன். இப்ப என்ன, போலீஸ்ல சொல்லப் போறீங்களா?"

"இல்லம்மா. நாங்க பை தைக்கறவங்க" என்றார் தேவராஜ் சார். டை கட்டிக்கொண்டு இரண்டு கையிலும் பிள்ளைப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"படி எவ்ளோ ஒசரம் பாருங்க, பாஸ். விட்டா குதிக்கும். பின்னாடி மோட்டார் வரும். ஒரு கை கதவுல, ஒரு கை பிள்ளை மேல. கைப்பிடி இருக்கு, தூக்கறேன். தூக்கக் கூடாதுன்னா எதுக்கு இவ்ளோ பெருசா வச்சீங்க? பஞ்செல்லாம் வச்சு, சோபா மாதிரி?"

சார் கையிலிருந்து கைப்பிடி வெட்டிய பையை வாங்கினேன். "கைப்பிடி இல்லாத பையில எப்படித் தூக்குவீங்க, காட்டுங்களேன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையின் தோளில் வெட்டிய பையை மாட்டினோம். வேன் பெண்ணின் கை பழக்கத்தில் மேலே போனது, கைப்பிடியைத் தேடியது, கிடைக்கவில்லை. அடுத்த நொடியே ஒரு பக்கத் தோள்பட்டையை அள்ளிப் பிடித்தது. பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. "போதும், போதும்!" என்று கத்தினேன்.

குறுக்கே தைத்த பையை மாட்டினோம். கை மேலே போனது. நான்கு விரல் முட்டின, ஒரு விரல் உள்ளே போனது. கொஞ்சம் தூக்கினாள், உடனே கையை உதறினாள். "ஐயோ, விரலை அறுக்குது." பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனைச் சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் அக்குளில் கொடுத்துத் தூக்கி வைத்தாள். "இப்படித்தான் தூக்கணும். எனக்கு வேலையைக் கூட்டறீங்க அக்கா" என்றாள். ஆனால் சிரித்தாள்.

ஒன்றும் கிடைக்காத கை அடுத்ததைப் பிடிக்கிறது. வலித்த கை நின்று யோசிக்கிறது. முப்பது வருஷம் பை தைத்து நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். பிள்ளை வகுப்பில் பையை நாற்காலியில் மாட்ட ஒரு விரல் இடம் போதும்.

அன்று மதியமே அட்டைப்பெட்டிகளைப் பிரித்தோம். ஒரு வரிசை கிளிப்பை வெட்டியது, ஒரு வரிசை மேஜிக் டேப் வைத்தது, ஒரு வரிசை கைப்பிடியில் குறுக்கே அடித்தது. கமலா ஒரு கேலியும் பேசாமல் மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். கடைசியில் ஒவ்வொரு பையும் என்னிடம் வரும். பட்டையைப் பிரிப்பேன், விரலை விட்டுப் பார்ப்பேன். தொள்ளாயிரம் 'சர்'. விரலில் தோல் உரிந்துவிட்டது. தேவராஜ் சார் சோதனைத் தாளை எடுத்து, சட்டைப் பையிலிருந்த இரும்பு ரூலரை வைத்து ஒரு கோடு போட்டு, 'இதற்கு மேல் தாங்கக் கூடாது' என்று புதிதாக ஒரு கட்டம் எழுதினார். மதியம் போக வேண்டிய லோரி வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போனது.

முகிலன் இன்னும் கிடைக்கவில்லை.

தொள்ளாயிரம் சரியாகிவிட்டது என்று சொல்லி என்ன? ஒரு பை வெளியே இருக்கிறது. அதில் முப்பது கிலோ தாங்கும் என் கிளிப் இருக்கிறது. புது இடத்து வேனில் யார் எப்படி இறக்குகிறார்களோ. சனிக்கிழமை மாலை டீச்சர் யார் யாரையோ கேட்டு ஒரு முகவரி அனுப்பினார். போன் நம்பர் இல்லை. ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை. நான் கேட்காமலே தேவராஜ் சார் காரோடு வாசலில் நின்றார். கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தானுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ரோட்டில் பை போட்ட பிள்ளை யாராவது தெரிந்தால் அவர் காரை மெதுவாக்குவார்.

கடை வரிசைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது முகிலனின் அம்மா, முப்பது வயது இருக்கும், கையில் மாவு. உள்ளே பையன் தரையில் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"பை... ஸ்கூல் பேக்... அதைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. சார்தான் பின்னாலிருந்து நாங்கள் யார் என்று விளக்கினார்.

முகிலனின் அம்மா பையைக் கொண்டுவந்தார். நெஞ்சுப் பட்டை இல்லை. இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, நூல் பிரியாமல் இருக்க முனையை லைட்டரில் சுட்டிருந்தார். என் கையைவிடச் சுத்தமான வேலை.

"இதுவா? ரெண்டாவது நாளே வெட்டிட்டேனே" என்றார். "வேன்ல எறக்கறப்ப கழுத்துல ஏறிச்சு. நல்லவேளை நான் கீழ நின்னு பாத்தேன். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

நான் சுட்ட முனையைத் தடவிப் பார்த்தேன். சார் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். உட்காரத் தோன்றவில்லை.

"டீச்சர்கிட்ட சொல்லலையாம்மா?"

"பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நெஜமாவே பிடிச்சிருந்துச்சு. கிளிப்புதான் ஆகல, வெட்டிட்டேன். அதைப் போய் ஒரு கம்ப்ளேன்டா எப்படிச் சொல்றது, ஓசியா கொடுத்த பையை?"

தேவராஜ் சார் பழக்கத்தில் பையை வாங்கி உள்ளே வெளியாகத் திருப்பினார். நகம் ஓடியது, ஓரிடத்தில் நின்றது. புத்தகத்தையும் சாப்பாட்டு டப்பாவையும் பிரிக்க உள்ளே நான் வைத்திருந்த தடுப்புத் துணியையும் காணோம், அதே சுத்தமான வெட்டு. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"வேற எதையெல்லாம் வெட்டுனீங்க?" என்று கேட்டேன்.

முகிலனின் அம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. மாவுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டோம்மா" என்றார் சார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அப்ப ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் அந்த அம்மா. "நெறைய இருக்கு."